டியூட்டி அக்காவின் இருபத்து நான்கு பாடங்கள்

மாலை நேரக் கல்லூரியில் வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்த முதல் நாள், எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவருக்கு நாற்பத்தொரு வயது. உட்கார்ந்ததும் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து ஆறு வண்ணப் பேனாக்களை வரிசையாக மேசைமேல் அடுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். பெயரைக் கேட்பார் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு வார லீவு என்னிக்கு?" என்று கேட்டார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதையும், வியாழக்கிழமை விடுமுறை என்பதையும் சொன்னேன். "வியாழனா. அப்போ நீங்க புதன்கிழமைப் பாடத்த எடுத்தா நல்லது. மறுநாள் காலையில தூங்கலாம்" என்றார். கல்லூரியில் எனக்குக் கிடைத்த முதல் புத்திமதி அதுதான். இன்றுவரை அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் ஒரு பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு வேலை நேரம் போடும் பிரிவில் இருந்தார். தொண்ணூறு வண்டிகள், நூற்று முப்பது ஓட்டுநர்கள். யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது, யாருக்கு என்று ஓய்வு, ஒருவர் வராவிட்டால் அந்த இடத்தில் யாரைப் போடுவது, எல்லாம் அவர் கையில். யாருக்கு முதுகுவலி, யாருடைய மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது, எந்த இருவரை அடுத்தடுத்த வண்டியில் போட்டால் வாய்ச்சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போய் மதியம் ஒரு மணிக்கு முடிப்பார். வகுப்பில் எல்லோரும் அவரை 'டியூட்டி அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தது இரண்டாம் வாரத்தில். அவருக்கும் அது பிடித்திருந்தது.

பள்ளியில் கணக்கில் தோற்று, பதினெட்டு வயதில் பயணச்சீட்டுக் கவுன்டரில் சேர்ந்தவர். இருபது வருடத்தில் வேலை நேரப் பிரிவின் மூத்த ஆள் ஆகிவிட்டார். பிரிவுக்கு ஓர் அதிகாரி உண்டு. அந்த நாற்காலிக்குப் பட்டம் வேண்டும். இரண்டு முறை அந்த நாற்காலி காலியானபோது மாதக்கணக்கில் அக்காதான் அதைக் கவனித்துக்கொண்டார். இரண்டு முறையும் வெளியிலிருந்து பட்டத்தோடு ஒருவர் வந்தார்.

"வந்தவங்க தங்கமானவங்க, குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஆறு மாசம் நான்தான் உக்காந்து எல்லாத்தையும் சொல்லிக் கொடுக்கணும். மூணாவது தடவையும் சொல்லிக் கொடுக்க எனக்குப் பொறுமை இல்ல" என்பார். கோபமாக அல்ல, பல் வலியைப் பற்றிச் சொல்வதுபோல.

எங்கள் படிப்பில் மொத்தம் இருபத்து நான்கு பாடங்கள். பத்து, எல்லோரும் படித்தே ஆக வேண்டியவை. எட்டு, நாம் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பிரிவைச் சேர்ந்தவை. மீதி ஆறு நம் விருப்பம், ஆனால் அதில் குறைந்தது இரண்டு, வணிகவியலுக்கு வெளியே இருக்க வேண்டும். மாலை வகுப்பில் பருவத்துக்கு இரண்டு பாடம்தான் எடுக்க முடியும். ஆக ஆறு வருடம். எங்களில் பெரும்பாலோர் அந்தந்தப் பருவம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அக்கா அப்படி இருப்பாரா. கல்லூரிக் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு, ஒரு பெரிய சார்ட் தாளில் ஆறு வருடத்துக்கும் கட்டம் போட்டுவிட்டார். கட்டாயப் பாடம் நீலம், சிறப்புப் பாடம் பச்சை, விருப்பப் பாடம் ஆரஞ்சு. வணிகவியலுக்கு வெளியே படிக்க வேண்டிய இரண்டு கட்டங்களில் மட்டும், பணிமனையில் மாற்று ஓட்டுநருக்கு விட்டுவைக்கும் இடத்தில் எழுதுவதுபோல, 'ஸ்பேர்' என்று எழுதியிருந்தார். சுவரில் ஒட்டினால் மகள் சிரிப்பாள் என்பதால், அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார். அவருடைய கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். தினமும் காலையில் சட்டை எடுக்கும்போது மனைவியின் நான்காம் வருடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

சிறப்புப் பிரிவாக அக்கா கணக்கியலைப் போட்டிருந்தார். அது அவருடைய தம்பியின் யோசனை. தம்பி தணிக்கையாளர். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர், அதனால் படிப்பு விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "கணக்கியல் எடுக்கா. எந்தக் காலத்துலயும் சோறு போடும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இரண்டாம் பருவத்துக்குப் பாடங்களைப் பதிவு செய்ய நாங்கள் இருவரும் துறை அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடித் தடுப்பில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடியோடு ஓர் அம்மா. முகத்தைப் பார்க்கும் முன்பே "படிவம் இருக்கா?" என்று கேட்கிறவர். அக்கா படிவத்தோடு சார்ட் தாளையும் சுருட்டி நீட்டினார். அந்த அம்மா அதை மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் முத்திரைக் கட்டைகளை வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை வளர்ந்தது.

"பதினேழு வருஷமா இங்க இருக்கேன். ஆறு வருஷத்தையும் ஒரே தாள்ல கொண்டு வந்தவங்க நீங்கதான்" என்றார். பிறகு விரலை ஓர் இடத்தில் வைத்தார். "ஆனா புள்ளியியல கடைசிப் பருவத்துல போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"நாலாவது வருஷத்துல நிதி மேலாண்மை இருக்கு. அதுக்கு முன்னாடி புள்ளியியல் பாஸ் பண்ணியிருக்கணும். அஞ்சாவது வருஷம் இந்தப் பாடம், அதுக்கும் வேணும். கையேட்டுல பின்பக்கம் போட்டிருக்கே."

அக்கா தாளைச் சுருட்டிக்கொண்டார். கையேட்டின் பின்பக்கத்தை அவர் படிக்காமல் இருந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டில் இறங்கும்போது அவரே சொன்னார்.

"எங்க டிப்போல ஒரு டிரைவர் உண்டு. யாருக்கும் அவர்கூட ஒத்துப் போகாது. அவர எங்க போட்டாலும் வம்பு. அதனால டியூட்டி போடும்போது எல்லாரையும் போட்டுட்டு கடைசியா அவர் பேர எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதியிருக்கேன் போல."

"கணக்குன்னா பயமாக்கா?"

"பயம்னு இல்ல. ஒரு தடவ அது என்னய அடிச்சுப் போட்டது. மறுபடியும் அதோட வாசலுக்குப் போகணுமான்னு ஒரு இது."

போனார். இரண்டாம் பருவத்திலேயே புள்ளியியலை எடுத்தார், தோற்றார். ஐம்பது வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று. அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு வந்து, "என் வயசையே போட்டுக் கொடுத்துட்டாங்க" என்றார். சிரித்தார்தான், ஆனால் அன்று மட்டும் வண்ணப் பேனாப் பெட்டி பையிலிருந்து வெளியே வரவில்லை.

விடுமுறையில் எட்டு வாரத்துக்கு ஒரு குறுகிய பருவம் உண்டு. தோற்றவர்கள் அதில் மறுபடியும் படிக்கலாம். நானும் தோற்றிருந்தேன். அக்கா அதற்குப் படிவம் நிரப்பிய அதே வாரம் அவர் வீட்டில் இன்னொரு படிவமும் நிரப்பப்பட்டது. பள்ளியை முடித்திருந்த மகளுக்கு எங்கள் கல்லூரியிலேயே பகல் நேர வணிகவியலில் இடம் கிடைத்திருந்தது. சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள். மகள் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

"என்னடி எடுத்திருக்க?" என்று அக்கா கேட்டார்.

"மார்க்கெட்டிங்."

"ஏன்?"

"என் ஃபிரண்டு எடுத்திருக்கா."

"அவ எதுக்கு எடுத்தா?"

"அது அவளுக்குத்தான் தெரியும். நீ ஒரு பாடத்துக்கே ஒரு வாரம் யோசிக்கிற, கடைசியில ஃபெயிலாகல?"

அக்கா இதை எங்களிடம் சொல்லும்போது, மகள் பேசியதைவிட, கணவர் அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டதைத்தான் ரசித்துச் சொன்னார். "மனுஷன் அங்க போயி காலி டம்ளரக் கழுவிட்டு இருக்காரு. தோள் மட்டும் குலுங்குது."

அந்த விடுமுறைப் பருவத்தில் புள்ளியியல் எடுத்தவர் வேறொரு விரிவுரையாளர், இளம்பெண், மெல்லப் பேசுகிறவர். புத்தகத்தில் உள்ள கணக்குகளை விட்டுவிட்டு, அவரவர் வேலையிடத்திலிருந்து எண்களைக் கொண்டு வரச் சொன்னார். நான் கடைக்கு வந்தவர்களின் கண்ணாடிப் பவர் விவரத்தைக் கொண்டு போனேன். அக்கா இரண்டு வழித்தடங்களின் தாமதப் பதிவைக் கொண்டு வந்தார், ஒரு வருடத்துக்கு உரியது. இரண்டுக்கும் சராசரி கண்டுபிடித்தார். இரண்டும் நான்கு நிமிடத் தாமதம். ஒன்றுபோல வந்ததும் தாளைத் தள்ளி வைத்தார்.

"இது தப்பு மேடம்" என்றார்.

"கூட்டினது சரிதானே?"

"கூட்டினது சரி. ஆனா இந்த ரெண்டு வழியும் ஒண்ணு இல்ல. இந்த முதல் பஸ், எந்நாளும் மூணு நிமிஷம், நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான். ஜனங்க அதுக்குத் தகுந்த மாதிரி வீட்ட விட்டுக் கிளம்புவாங்க. ரெண்டாவது பஸ் மூணு நாள் நேரத்துக்கு வரும், நாலாம் நாள் பதினஞ்சு நிமிஷம் கழிச்சு வரும். அத நம்பி ஒரு ஆளும் நிக்க மாட்டாங்க. எங்களுக்கு வர்ற புகார்ல பாதி அந்த ஒரு பஸ்ஸப் பத்தித்தான். ரெண்டுக்கும் நாலுன்னு போட்டா அது என்ன கணக்கு?"

விரிவுரையாளர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அக்காவின் மேசையில் சாய்ந்துகொண்டார். "நீங்க இப்போ சொன்னீங்களே, அந்த வித்தியாசத்த அளக்கிறதுக்குத்தான் அடுத்த அத்தியாயம். அதுக்குப் பேரு திட்ட விலக்கம்" என்றார்.

போன பருவத்தில் அந்தச் சொல்லைத்தான் அக்கா சூத்திரமாக மனப்பாடம் செய்து, தேர்வில் மறந்து, ஒன்பது மதிப்பெண்ணைக் கோட்டை விட்டிருந்தார். இப்போது அதே சூத்திரத்தைத் தன் பேருந்துகளுக்குப் போட்டுப் பார்த்தார். முதல் பேருந்துக்கு ஒன்றுக்கும் குறைவாக வந்தது. மற்றதற்கு ஆறு. அந்த ஆறின் கீழ் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டார். வகுப்பு முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "டிரைவருங்க திட்டு வாங்குறப்பல்லாம் எனக்குத் தெரியும், தப்பு அவங்க மேல இல்ல, வழித்தடத்துலன்னு. காட்டத்தான் தெரியல" என்றார். அந்தப் பருவத்தில் அறுபத்தெட்டு வாங்கினார்.

இரண்டாம் வருடம் முடியும்போது சிறப்புப் பிரிவை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்குள் அக்கா எட்டுப் பாடங்களை முடித்திருந்தார். அதில் இரண்டு கணக்கியல். இரண்டிலும் நல்ல மதிப்பெண்தான். ஆனால் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி முந்திக்கொண்டு வந்துவிடும் என்றார். கையேட்டில் வழங்கலும் போக்குவரத்தும் என்று ஒரு சிறப்புப் பிரிவு இருந்தது. அதன் எட்டுப் பாடங்களின் பெயரை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டினார். இதெல்லாம் படிப்பில் இருக்கிறது என்று இவ்வளவு நாள் தெரியாமல் போனதே என்ற வியப்பு அந்தக் குரலில் இருந்தது.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னார். தம்பி நேரிலேயே வந்துவிட்டார்.

"அக்கா, ரெண்டு வருஷம் படிச்சத வீணாக்கப் போறியா?"

"வீணாகலடா. ரெண்டும் கட்டாயப் பாடம். எந்தப் பிரிவா இருந்தாலும் அது படிச்சுத்தான் ஆகணும். பாரு, நீலத்துல இருக்கு."

"அதுல படிச்சா மறுபடியும் பஸ்ஸுதான். பஸ்ஸ விட்டு வெளிய வரணும்னுதானே படிக்க வந்த?"

"நான் எப்படா அப்படிச் சொன்னேன்?"

தம்பி அக்காவின் கணவரைப் பார்த்தார். அவர் அலமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சொல்லல. நாமளா நெனச்சுக்கிட்டோம்" என்றார் கடைசியில். தம்பி ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பிறகு இரண்டு மாதம் அக்காவோடு அளந்து அளந்துதான் பேசினார். மூன்றாவது மாதம் ஒரு சந்தேகத்தோடு வந்தார். அவருடைய அலுவலகத்தில் பதினான்கு பேருக்கு விடுப்புப் போடுவதில் சண்டையாம். அக்கா அரைமணி நேரத்தில் போட்டுக் கொடுத்தார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

புதுப் பிரிவில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் முக்கியமான பாடம் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும், அதுவும் பகலில். புதன்கிழமை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. மூன்றாம் வருடத்தில் எடுக்காவிட்டால் எல்லாம் தள்ளிப்போகும். அக்கா வேலை முடிந்து ஒரு மணிக்கு ஓடி, நாற்பது நிமிடப் பயணத்தில் வந்து சேரலாம். கண்ணாடித் தடுப்பு அம்மாவிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தார், கிடைத்தது. வீட்டில் சொன்னபோதுதான் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளும் விருப்பப் பாடமாக அதையே எடுத்திருந்தாள். அவளுடைய தோழி எடுத்திருந்தாள் அல்லவா.

"அம்மா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நீ பின்னாடி உக்காரு. கை தூக்காத. என் பேரச் சொல்லிக் கூப்பிடாத. டிப்பன் டப்பா கொண்டு வராத."

"சரி."

"ஆறு பேனாவையும் அடுக்காத."

"அது மட்டும் முடியாது."

முதல் மூன்று வாரம் அக்கா வாக்குத் தவறவில்லை. நான்காவது வாரம் விரிவுரையாளர் ஒரு கணக்குக் கொடுத்தார். பத்து வண்டி, பதினைந்து ஓட்டுநர், யாரும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, எப்படிப் பிரிப்பது. வகுப்பே தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. அக்கா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழ் வைத்து உட்கார்ந்திருந்தாராம். முன்வரிசையிலிருந்து மகள்தான் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, "சார், பின்னாடி எங்க அம்மா இருக்காங்க. அவங்களுக்கு இதான் வேலை" என்றாள். அக்கா கரும்பலகைக்குப் போனார். அன்று மாலை எங்கள் வகுப்புக்கு வந்தபோது கையில் இன்னும் சுண்ணப்பொடி இருந்தது. துடைத்துக்கொள்ளவே இல்லை.

மகள் மூன்று வருடத்தில் பட்டம் வாங்கி, ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து, அந்த வேலையில் சந்தோஷமாக இருக்கிறாள். "பத்து நிமிஷத்துல எடுத்த முடிவு. எப்படிச் சரியா வந்ததுன்னு எனக்கு இன்னமும் புரியல" என்று அக்கா கொஞ்சம் குறையாகவே சொல்வார்.

ஐந்தாம் வருடத்தின் நடுவில், அக்காவுக்கு ஆறு பாடங்கள் மீதி இருக்கும்போது, பணிமனையில் அந்த அதிகாரி நாற்காலி மறுபடியும் காலியானது. அக்கா விண்ணப்பம் எழுதினார். படிப்பு முடிய ஒன்றரை வருடம் இருக்கிறது, அதுவரை பொறுப்பில் வைத்திருந்து பிறகு நிரந்தரம் செய்யலாமே என்று கேட்டிருந்தார். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. வேறு ஊரிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார், அக்காவைவிடப் பத்து வயது இளையவர். அந்த வாரம் அக்கா இரண்டு வகுப்புக்கும் வரவில்லை. ஐந்து வருடத்தில் அதுதான் முதல் முறை. நான் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. சும்மா படுத்திருந்தேன். இனிமே எதுக்குப் படிக்கணும்னு யோசிச்சுப் பாத்தேன்."

"என்ன தோணுச்சு?"

"அடுத்த பருவம் வானிலைப் பாடம் வருது. மழைக்கும் தாமதத்துக்கும் என்ன உறவுன்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச. அத விட்டுட்டு எங்க போறது?"

அடுத்த திங்களன்று வந்துவிட்டார். வெளிப்பாடங்கள் இரண்டில் ஒன்று வானிலை. இன்னொன்றாகத் தாவரவியல் அறிமுகத்தை எடுத்தார். "செடிக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கணவர் கேட்டதற்கு, "ஒரு சம்பந்தமும் இல்ல. அதான் எடுத்தேன்" என்றாராம். அதில்தான் அவருக்கு ஆறு வருடத்திலேயே அதிக மதிப்பெண் வந்தது.

புதிதாக வந்த அதிகாரி எதையும் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளாதவர். "எனக்கு இந்த டிப்போ புதுசு, நீங்க சொல்லுங்க" என்று முதல் நாளே நாற்காலியை இழுத்து அக்காவின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை சொல்லிக் கொடுக்கப் பொறுமை இல்லை என்றவர் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். கடைசிப் பருவத்தில் நாங்கள் ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். அக்கா அந்த நம்ப முடியாத இரண்டாவது வழித்தடத்தை எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் மாறும் இடத்தை நெரிசலான சந்திப்பிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னால் தள்ளினால் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதிகாரி மூன்று மாதம் அதை நடத்திப் பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். புகார்கள் பாதிக்கும் கீழே இறங்கின. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் முதல் பெயராக அக்காவின் பெயரைப் போட்டதும் அந்த அதிகாரிதான்.

பட்டமளிப்பு நாளில் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். நாங்கள் கறுப்பு அங்கியில் வெந்துகொண்டிருந்தோம். அக்காவின் கணவர் மூன்றாவது மாடிக்குப் போகும் மின்தூக்கியில் ஏறியவர், நெடுநேரம் இறங்கவில்லை. ஏதோ சத்தம் வருகிறது என்று கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் போய் இழுத்து வந்தாள். பெயர் கூப்பிடும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கைதட்டியதில் அவருடைய கை ஓசைதான் பெரிதாகக் கேட்டது.

அதற்கு அடுத்த வருடம் தலைமை அலுவலகத்தில் வழித்தடங்களை ஆராய ஒரு சிறு பிரிவு தொடங்கினார்கள். மொத்தம் நான்கு பேர். அதில் அக்காவும் ஒருவர். இப்போது ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை வேலை. மேசைக்கு அருகில் ஜன்னல் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறி முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவார். அதுவும் வேலையில் சேர்த்தி என்பதை இன்னும் நம்ப முடியவில்லை என்கிறார்.

ஆனால் இருபது வருடப் பழக்கம், காலை மூன்றரைக்குக் கண் விழித்துவிடுகிறது. முதலில் படுத்தே கிடந்து பார்த்தாராம். பிறகு எழுந்து காபி போட ஆரம்பித்தார். சத்தத்தில் கணவரும் எழுந்துவிடுகிறார். "சனிக்கிழமைகூடத் தூங்க விட மாட்டேங்குறா" என்று என்னிடம் புகார் சொன்னவர் அவர்தான். இருவரும் ஐந்து மணிக்கு நடக்கக் கிளம்பி, ஆற்றுப் பாலம் வரை போய்வருகிறார்கள். போகும்போது கணவர் பேசுகிறார், வரும்போது அக்கா பேசுகிறார். அப்படிப் பேசிவைத்துக்கொண்டார்களா என்று கேட்டேன். "இல்ல, அதுவா அப்படி அமைஞ்சுது" என்றார் அக்கா.